கருவின் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன?

கேட்கப்பட்டவை இரண்டு. விந்தணுவும் சினைமுட்டையும் சேர்ந்த கணத்திலேயே புதிய கருவின் மரபணுக்கள் வேலையைத் தொடங்கிவிடுமா, அவற்றில் முதலாவதை இயக்கிவிடுவது எது என்பது ஒன்று. செயற்கைக் கருத்தரிப்பில் மூன்றாம் நாள் வரை ஒழுங்காகப் பிரிந்துவந்த கரு அதற்குப் பிறகு நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கான பதில்: உடனே தொடங்குவதில்லை. கரு ஒன்றிலிருந்து இரண்டாகவும், இரண்டிலிருந்து நான்காகவும் பிரியும்போது அந்த வேலையை நடத்துவது பெரும்பாலும் தாய் சினைமுட்டைக்குள் சேர்த்து வைத்திருந்த சரக்குதான். கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்கத் தொடங்குவது சுண்டெலியில் இரண்டு செல் நிலையில், பன்றியில் நான்கு செல் நிலையில், மனிதரில் நான்கிலிருந்து எட்டு செல்களுக்குள், பசுவிலும் செம்மறியாட்டிலும் எட்டிலிருந்து பதினாறு செல்களுக்குள். மனிதக் கணக்கில் அது ஏறக்குறைய மூன்றாம் நாள். முதலாவதை இயக்கும் ஒற்றைப் பொத்தான் எது என்று கேட்டால், பாலூட்டிகளில் அப்படி ஒன்று இருப்பதாகவே நான் நம்பவில்லை. நல்ல ஆய்வகங்கள் பல அதைத் தேடியிருக்கின்றன. தேடிக் கிடைத்தவற்றின் கதை சுவையானது. அதற்கு வருவதற்கு முன் தாயின் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சினைமுட்டை சாதாரண செல் அல்ல. சுண்டெலியின் முட்டை குறுக்களவில் சுமார் 0.08 மில்லிமீட்டர், மனித முட்டை சுமார் 0.12 மில்லிமீட்டர். உடம்பின் மற்ற செல்களோடு வைத்துப் பார்த்தால் இது மாபெரும் அளவு. சினையகத்துக்குள் வளரும் காலத்தில் அது ஓயாமல் மரபணுக்களைப் படியெடுத்து, புரதம் செய்வதற்கான அந்தப் படிகளாகிய தூது ஆர்.என்.ஏ.க்களையும், புரதங்களையும், படியைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம்களையும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் குவித்துக்கொள்கிறது. முழு அளவை எட்டியதும் படியெடுப்பை நிறுத்திவிடுகிறது. நிறுத்துவது என்றால் ஏறக்குறைய முற்றாக. அதன் பிறகு முட்டை முதிர்வதும், வெளியேறுவதும், விந்தணுவை ஏற்பதும், முதல் பிரிவை நடத்துவதும் அந்த மௌனத்துக்குள்ளேயே நடந்து முடிகின்றன.

சேர்த்து வைத்த தூது ஆர்.என்.ஏ.க்கள் அனைத்தும் உடனே புரதமாக மாறிவிட்டால் எதற்கும் உதவாது. எனவே முட்டை அவற்றில் பலவற்றை உறங்க வைக்கிறது. தூது ஆர்.என்.ஏ.வின் கடைசியில் அடினின்களாலான வால் ஒன்று இருக்கும். அந்த வாலைக் குறுக்கிவிட்டால் ரைபோசோம் அதை எளிதில் எடுத்துப் படிக்காது. தேவைப்படும் வேளையில் வாலை நீட்டினால் புரத உற்பத்தி தொடங்கும். புதிதாக ஒரு மரபணுவைக்கூடப் படியெடுக்காமல், இருப்பதை முறைவைத்து எழுப்பியே ஓர் உயிர் ஒரு நாளுக்கும் மேலாக நடக்கிறது என்பதை முதன்முறை படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு வரும்? அது தீரும் முன் கரு சொந்தமாக உலை வைத்தாக வேண்டும்.

தாயின் சரக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஒரே சோதனையைச் சொன்னால் போதும். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஜூரியன் டீன் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் மாட்டர் என்னும் மரபணு இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்தப் பெண் எலிகள் ஆரோக்கியமாக இருந்தன. முட்டைகள் வெளியேறின, கருவுற்றன, ஒருமுறை பிரிந்தன. இரண்டு செல்லோடு நின்றுவிட்டன. தந்தை எலியிடமிருந்து பழுதில்லாத மாட்டர் பிரதி அந்தக் கருக்களுக்குக் கிடைத்திருந்தது. அதனால் பயன் எதுவும் இல்லை. தந்தையின் பிரதி இயங்கத் தொடங்க வேண்டிய வேளை வருமுன்னரே அந்தப் புரதம் கையில் இருந்திருக்க வேண்டும். தாயிடம் இல்லாதது கருவிடமும் இல்லை.

சரி, மௌனம் எப்போது கலைகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கே உதவியது ஒரு விஷம். அமானிட்டா ஃபலாய்டிஸ் என்பது ஐரோப்பியக் காடுகளில் முளைக்கும் கொடிய நச்சுக் காளான். தின்றவரின் கல்லீரலை அழிப்பது அதிலுள்ள ஆல்ஃபா-அமானிட்டின். தூது ஆர்.என்.ஏ.க்களைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2 என்னும் நொதியை அது முடக்கிவிடும். கருவுற்ற சுண்டெலி முட்டையை அந்த நச்சுள்ள கரைசலில் வைத்தால் முதல் பிரிவு வழக்கம்போல நடக்கிறது. புதிய படியெடுப்பு அதற்குத் தேவைப்படவில்லை என்று பொருள். இரண்டாம் பிரிவு நடப்பதில்லை. ஆகவே இடைப்பட்ட காலத்தில் கருவின் சொந்த மரபணுக்கள் எதையோ செய்தாக வேண்டும்.

இன்னொரு வழி அதைவிட நேர்த்தியானது. தாயிடம் இல்லாத, தந்தையிடம் மட்டும் உள்ள ஒரு புரத வடிவம் கருவில் எப்போது தென்படுகிறது என்று பார்ப்பது. அது முட்டையின் சேமிப்பிலிருந்து வந்திருக்க முடியாது. 1981-இல் சவிக்கி, மேக்னுசன், எப்ஸ்டைன் ஆகியோர் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் புரதத்தை வைத்து, சுண்டெலியின் இரண்டு செல் கருவிலேயே தந்தையின் மரபணு இயங்குகிறது என்று காட்டினார்கள். மனிதக் கருவுக்கான விடை 1988-இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. பீட்டர் பிராட், வர்ஜீனியா போல்டன், ஸ்டீஃபன் மூர் மூவரும் செயற்கைக் கருத்தரிப்பில் தானமாகக் கிடைத்த கருக்களை ஆராய்ந்து, மனித மரபணுக்களின் இயக்கம் நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் இடையில் தொடங்குகிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். இன்றுவரை பாடநூல்களில் இருப்பது அந்த விடைதான்.

அந்த விடை பொய்யல்ல, முழுமையானதும் அல்ல. கருவிகள் கூர்மையாகக் கூர்மையாகத் தொடக்கம் முன்னே முன்னே நகர்ந்தது. சுண்டெலியில் ஒரு செல் நிலையிலேயே, அதுவும் இரண்டு உட்கருக்கள் இன்னும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே இருக்கும்போதே, சிறிதளவு படியெடுப்பு நடப்பது 1990-களில் உறுதியானது. அதனால் இப்போது ஆய்வாளர்கள் இரண்டு அலைகளாகப் பேசுகிறார்கள்: ஒரு செல் நிலையின் பிற்பகுதியில் சிறு அலை, இரண்டு செல் நிலையின் நடுவிலும் கடைசியிலும் பேரலை. மனிதக் கருவிலும் மிகக் குறைந்த அளவில் ஒரு செல் நிலையிலேயே பல மரபணுக்களின் படிகள் கூடுகின்றன என்று 2022-இல் பாத் பல்கலைக்கழகத்தின் டோனி பெர்ரி குழுவினர் எழுதினார்கள். ‘மூன்றாம் நாள்’ என்பதற்கும் ‘முதல் நாள்’ என்பதற்கும் இதனால் சண்டை மூட்ட வேண்டியதில்லை. எதைத் தொடக்கம் என்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் இது. கரு தன் சொந்தக் காலில் நிற்கும் வேளையைக் கேட்டால், மனிதரில் நான்கு முதல் எட்டு செல் என்பதே இன்னும் சரியான பதில்.

சுண்டெலியின் அந்தச் சிறு அலை விசித்திரமானது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஃபுகாகு ஆவோகி குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு செல் கருவில் படியெடுப்பு குறிப்பிட்ட மரபணுக்களில் மட்டும் நடப்பதில்லை. மரபணுக்களுக்கு இடையிலுள்ள வெற்றுப் பகுதிகளிலும், கட்டுப்பாடில்லாமல், மரபணுத்தொகுதி முழுவதும் மெலிதாக நடக்கிறது. எடுத்த படிகளில் வேண்டாத இடைத்துண்டுகளை நீக்கிச் சீராக வெட்டி ஒட்டுவதும் இல்லை. வால் முனையை முறையாக முடிப்பதும் இல்லை. அப்படிப்பட்ட ஆர்.என்.ஏ.விலிருந்து உருப்படியான புரதம் வராது. அப்படியானால் இது வெறும் இரைச்சல்தானே என்று யாருக்கும் தோன்றும். அதே குழு 2018-இல் அந்தச் சிறு அலையை மட்டும் தற்காலிகமாகத் தடுத்து, பிறகு தடையை நீக்கிப் பார்த்தது. பெரும்பாலான கருக்கள் இரண்டு செல்லில் நின்றுவிட்டன. பயனற்றதுபோலத் தெரியும் அந்தப் படியெடுப்பு நடந்தால்தான் அடுத்த கட்டத்துக்குக் களம் அமைகிறது. புரதம் வராத இடத்தில் வேலை நடக்காது என்ற பழக்கப்பட்ட எண்ணத்தை இது போன்ற சோதனைகள்தாம் அசைக்கின்றன.

களம் என்று சொன்னது டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் விதத்தை. விந்தணுவில் டி.என்.ஏ. புரோட்டமின் என்னும் சிறு புரதங்களால் மிக இறுக்கமாகக் கட்டப்பட்டு வருகிறது. முட்டைக்குள் வந்த சில மணி நேரத்தில் புரோட்டமின்கள் களையப்பட்டு, சாதாரண செல்களில் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களான ஹிஸ்டோன்கள், தாய் சேமித்து வைத்திருந்தவை, அந்த இடத்தைப் பிடிக்கின்றன. தந்தையின் டி.என்.ஏ.வில் இருந்த மெத்தில் அடையாளங்கள் (பொதுவாக மரபணுக்களை அடக்கிவைக்கும் வேதிக் குறிகள்) பெரும்பகுதி நீங்குகின்றன. அதில் டெட்-3 என்னும் தாய் நொதிக்குப் பங்குண்டு. இதனால் சுண்டெலியின் ஒரு செல் கருவில் தந்தை வழி உட்கரு தாய் வழி உட்கருவைவிடத் தளர்வாகவும், படியெடுப்பில் சற்று முந்தியும் இருக்கிறது. சாதாரண செல்களில் குரோமோசோம்கள் தெளிவான வளையங்களாகவும் மண்டலங்களாகவும் மடிந்திருக்கும். தொடக்கக் கருவில் அந்த மடிப்புகள் மிக மங்கலாக இருக்கின்றன, பிரிவுகள் நடக்க நடக்கத்தான் துலங்குகின்றன என்று 2017-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

இதிலிருந்து எளிய முடிவு ஒன்றுக்கு வரத் தோன்றும்: பூட்டிக் கிடந்த மரபணுத்தொகுதி மெல்லத் திறக்கிறது, திறந்ததும் மரபணுக்கள் இயங்குகின்றன. பாதிதான் சரி. மெல்வின் டிபாம்ஃபிலிஸ் குழுவினர் 1990-களில் செய்த சோதனைகளை இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் படிப்பதே இல்லை என்பது என் குறை. அவர்கள் ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியை மட்டும் தாங்கிய சிறு டி.என்.ஏ. துண்டை எலிக் கருவுக்குள் செலுத்தினார்கள். ஒரு செல் கருவின் தந்தை வழி உட்கருவில் அது எந்தத் துணையும் இல்லாமல் இயங்கியது. இரண்டு செல் கருவின் உட்கருவில் செலுத்தியபோது அடங்கிப்போனது. தொலைவிலிருந்து ஊக்கம் கொடுக்கும் டி.என்.ஏ. பகுதி ஒன்றைச் சேர்த்தால்தான் எழுந்தது. அதாவது, ஒரு செல்லுக்கும் இரண்டு செல்லுக்கும் இடையில் ஒரு பொதுவான அடக்குமுறை வந்து சேர்கிறது. எல்லாம் மெலிதாக இயங்கிய நிலை போய், அனுமதி பெற்றவை மட்டும் இயங்கும் நிலை வருகிறது. மரபணுக்கள் ‘விழிப்பது’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, வேண்டாதவற்றை வாயடைப்பதுதான்.

நேரத்தைக் கணக்கிடுவது எது என்பது தனிக் கேள்வி. தவளையில் பதில் ஓரளவு எளிது. ஜான் நியூபோர்ட்டும் மார்க் கிர்ஷ்னரும் 1982-இல் காட்டியபடி, ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை பன்னிரண்டு முறை வேகமாகப் பிரிந்து சுமார் 4,000 செல்கள் ஆன பிறகுதான் படியெடுப்பு பெருமளவில் தொடங்குகிறது. உட்கருவைச் சுற்றியுள்ள செல் பொருளான சைட்டோபிளாசத்தின் மொத்த அளவு அப்படியே இருக்க, டி.என்.ஏ.வின் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் டி.என்.ஏ.வை அடக்கிவைக்கும் தாய்ப் புரதங்கள் போதாமல் போகின்றன. வரிக்குதிரை மீனிலும் ஏறக்குறைய இதே கதை, மூன்று மணி நேரத்தில், ஆயிரம் செல்களுக்கு அருகில். இரண்டே செல்லில் இயங்கத் தொடங்கும் சுண்டெலிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரு செல் கருவில் டி.என்.ஏ. இரட்டிப்பதை மருந்தால் தடுத்து, பிரியவிடாமல் வைத்திருந்தாலும், வழக்கமாக இரண்டு செல் ஆகியிருக்க வேண்டிய நேரம் வந்ததும் படியெடுப்பு தொடங்குகிறது. செல்களை எண்ணாமல், கருவுற்றதிலிருந்து கடந்த நேரத்தை ஏதோ ஒன்று எண்ணுகிறது. தாயின் தூது ஆர்.என்.ஏ.க்கள் முறைப்படி புரதமாக மாறிச் சேர்வதுதான் அந்தக் கடிகாரத்தின் முக்கியப் பகுதி.

இனி, பொத்தானைத் தேடிய கதை.

சுண்டெலியின் இரண்டு செல் கருவில் பெருமளவில் எழும் படிகளில் ஒரு பங்கு, மரபணு என்று நாம் சொல்லும் எதனுடையதும் அல்ல. மெர்வெல் என்று அழைக்கப்படும் பழைய ரெட்ரோவைரஸ் துண்டுகளுடையது. எலிகளின் முன்னோர்களைத் தொற்றிய வைரஸ்கள் மரபணுத்தொகுதிக்குள் தங்கிப்போய், நூற்றுக்கணக்கான பிரதிகளாகப் பெருகியவை. மற்ற செல்களில் இவை அடக்கியே வைக்கப்பட்டிருக்கும். இரண்டு செல் நிலையில் மட்டும் சில மணி நேரம் கட்டவிழ்த்துவிடப்படுகின்றன. வைரஸ் விட்டுச்சென்ற தொடக்கப் பகுதிகள் அருகிலுள்ள எலி மரபணுக்களுக்கும் தொடக்கப் புள்ளியாகப் பயன்படுகின்றன. அதனால் வைரஸில் தொடங்கி எலி மரபணுவில் முடியும் கலப்புப் படிகள் கருவில் ஏராளம். 2004-இல் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து வந்த ஆய்வு இதை முதலில் விரிவாகக் காட்டியது. 2012-இல் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், ஆய்வகத்தில் வளரும் எலிக் குருத்தணுக்களில் (உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறவல்ல செல்கள்) மிகச் சிலவற்றில் அவ்வப்போது இதே மெர்வெல் எழுவதையும், அப்போது அந்தச் செல்கள் இரண்டு செல் கருவின் தன்மைகளைப் பெறுவதையும் கண்டார்கள். இது பெரிய வசதி. கருக்களில் கிடைப்பது இரண்டே செல். தட்டில் வளரும் குருத்தணுக்களோ கோடிக்கணக்கில்.

அந்த வசதியால் 2017-இல் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து டிடியே டிரோனோ குழு, அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து பிராட்லி கெய்ர்ன்ஸ் குழு, சியாட்டிலிலிருந்து ஸ்டீஃபன் டாப்ஸ்காட் குழு ஆகிய மூன்றும் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஒருசேர எழுதின. சுண்டெலியில் டக்ஸ், மனிதரில் டக்ஸ்-4 என்னும் புரதம் மெர்வெல் போன்ற வைரஸ் துண்டுகளோடும் முதல் மரபணுக்கள் பலவற்றோடும் போய் ஒட்டி அவற்றை இயக்குகிறது. குருத்தணுவுக்குள் டக்ஸைச் செலுத்தினால் அது இரண்டு செல் கருவைப்போல மாறுகிறது. மனிதக் கருவில் டக்ஸ்-4 சரியாக நான்கு செல் நிலையை ஒட்டிச் சிறிது நேரம் தலைகாட்டி மறைகிறது. எல்லாம் பொருந்தின. பொத்தான் கிடைத்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள்.

டாப்ஸ்காட் இதற்குள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது கருவை அல்ல, ஒரு தசைநோயை. முகம், தோள்பட்டை, மேற்கைத் தசைகள் மெல்ல மெல்லச் சிதையும் பரம்பரை நோய் அது. அந்த நோயாளிகளின் தசையில், பிறந்த பிறகு அடங்கியிருக்க வேண்டிய டக்ஸ்-4 விழித்துக்கொள்கிறது. நான்கு செல் கருவுக்கு உரிய திட்டத்தை வளர்ந்த தசைச் செல்லில் ஓட்டினால் அந்தச் செல் செத்துப்போகிறது. கருவில் இந்தப் புரதம் ஏன் சில மணி நேரமே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. எலிக் கருவிலும் டக்ஸை உரிய நேரத்தில் அணைக்காவிட்டால் வளர்ச்சி கெடுகிறது. அணைக்கும் வேலையில் லைன்-1 என்னும் இன்னொரு தாவும் டி.என்.ஏ. வகையின் படிகள் உதவுகின்றன என்று 2018-இல் தெரியவந்தது.

பிறகு, செய்ய வேண்டிய சோதனையைச் செய்தார்கள்: டக்ஸ் மரபணுவையே முழுவதும் நீக்கிவிட்டு எலிகளை வளர்த்தார்கள். பொத்தான் இல்லையென்றால் விளக்கு எரியக்கூடாது. எரிந்தது. ஹார்வர்டின் யீ ஜாங் குழு 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, டக்ஸ் இல்லாத கருக்களில் மரபணு விழிப்பு கொஞ்சம் மட்டுமே குறைந்தது. பிறந்த குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தாலும் குட்டிகள் பிறந்தன, வளர்ந்தன, இனப்பெருக்கம் செய்தன. வேறு குழுக்களும் இதையே கண்டன. 2017-இன் ஆய்வுகள் தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. டக்ஸ் இயக்க வல்லது என்பது உண்மை. அது இல்லாமலும் காரியம் நடக்கும் என்பதும் உண்மை. ‘வல்லது’, ‘தேவை’ என்ற இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்ததுதான் பிழை. அந்தப் பிழை மரபணு ஆராய்ச்சியில் புதிதல்ல.

அடுத்த வேட்பாளராக 2022-இல் கிகுவே டாச்சிபானா குழு என்.ஆர்.5.ஏ.2 என்னும் புரதத்தை முன்வைத்தது. இறுக்கமான டி.என்.ஏ.விலும் போய் ஒட்டித் திறந்துவைக்கக்கூடிய முன்னோடிப் புரதம் அது. அதன் பிறகு வந்த ஆய்வுகள், அதன் பெரிய பங்கு சற்றுப் பிந்தைய கட்டத்தில், செல்கள் எந்த வகையாக மாறும் என்பது தீர்மானமாகும் இடத்தில் இருப்பதாகக் காட்டின. 2023-இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் வெய் ஷியே குழுவும் அமெரிக்கக் கூட்டாளிகளும் ஓபாக்ஸ் என்னும் மரபணுக் குடும்பத்தைப் பற்றி எழுதியதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. இந்தக் குடும்பத்தில் சிலவற்றின் படிகள் தாயின் சேமிப்பிலேயே இருக்கின்றன. சில கருவில் முதல் ஆளாக எழுகின்றன. இரண்டையும் நீக்கினால் கரு இரண்டு முதல் நான்கு செல்லில் நிற்கிறது. தாயுடையதையோ கருவுடையதையோ ஏதேனும் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாலே கரு பிழைக்கிறது. ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும்படி வேலை பலரிடம் பங்கிடப்பட்டிருக்கிறது. தன் வாழ்க்கையின் முதல் ஆபத்தான கட்டத்தை ஒரே புரதத்தை நம்பிக் கடக்கும்படி பாலூட்டிக் கரு அமையவில்லை.

மனிதக் கருவில் இந்த வேலையைப் பார்ப்பவை முழுக்க அதே மரபணுக்கள் அல்ல. மனிதரில் டி.பி.ஆர்.எக்ஸ். என்னும் குடும்பம் முக்கியமானது என்று 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த சீன ஆய்வு காட்டியது; அவற்றின் அளவைக் குறைத்தபோது மரபணு விழிப்பும் கருவின் வளர்ச்சியும் குன்றின. வைரஸ் துண்டுகளும் வேறு. மனிதக் கருவில் எழுபவை நமக்கே உரிய பழைய ரெட்ரோவைரஸ் எச்சங்கள். இந்தக் கட்டம் பாலூட்டிகளில் மிக அடிப்படையானது. ஆனாலும் இதை நடத்தும் மரபணுக்கள் இனத்துக்கு இனம் வேகமாக மாறியிருக்கின்றன. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே எடுத்துப் பொருத்தும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாயின் பழைய படிகள் என்ன ஆகின்றன? அவை அழிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் கருவின் புதிய படிகளோடு கலந்து குழப்பும். சுண்டெலியில் இரண்டு செல் நிலைக்குள் அவற்றில் பெரும்பகுதி போய்விடுகிறது. பி.டி.ஜி.4 என்னும் தாய்ப் புரதம் இதில் முக்கியமான ஆள். அந்த மரபணுவில் பழுதுள்ள பெண்களின் முட்டைகள் கருவுற்றும் முதல் பிரிவையே நடத்த முடியாமல் நிற்பது 2020-இல் பதிவாகியிருக்கிறது.

உணவுக்கும் இதில் இடம் உண்டு. எலிக் கருவை ஆய்வகத் தட்டில் வளர்க்க முயன்றவர்களைப் பல ஆண்டுகள் வாட்டிய சிக்கல், இரண்டு செல்லில் கரு நின்றுவிடுவது. பசுக் கருக்கள் எட்டு முதல் பதினாறு செல்லில் நின்றன. மரபணுக்கள் விழிக்கும் அதே கட்டத்தில்தான் இரண்டும் தடுமாறின. கரைசலில் குளுக்கோஸைத் தவிர்த்துக் குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்ப்பது போன்ற மாற்றங்கள் 1980-களின் இறுதியில் அந்தத் தடையை உடைத்தன. தொடக்கக் கரு விரும்பும் எரிபொருள் குளுக்கோஸ் அல்ல, குளுக்கோஸ் உடைந்து வரும் சிறு மூலக்கூறான பைருவேட். அதன் காரணம் 2017-இல் கலிபோர்னியாவில் உத்பல் பானர்ஜி ஆய்வகத்தில் ஓரளவு துலங்கியது. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்க வேண்டிய நொதிகள் சில, மரபணு விழிப்பின் போது தற்காலிகமாக உட்கருவுக்குள் போகின்றன. அங்கே ஹிஸ்டோன்களில் அடையாளமிடுவதற்கான மூலப்பொருளைத் தயாரிக்க அவை உதவுகின்றன. பைருவேட் இல்லாவிட்டால் அந்த இடமாற்றம் நடப்பதில்லை, கருவும் நகர்வதில்லை.

வளர்ந்த செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து உயிரை உருவாக்கும் நகலாக்கத்தில் பெரும்பாலான கருக்கள் தோற்பதும் இதே இடத்தில்தான். டாலி ஆட்டுக்காக 277 முட்டைகளில் உட்கரு மாற்றம் செய்தார்கள், பிறந்தது ஒன்று. வளர்ந்த செல்லின் உட்கருவில் ஹிஸ்டோன்கள்மேல் பதிந்துகிடக்கும் அடக்குமுறை அடையாளங்கள், கரு விழிக்க வேண்டிய வேளையில் குறுக்கே நிற்கின்றன. அவற்றை நீக்கும் நொதியின் தூது ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் நகல் எலிகளின் வெற்றி விகிதம் வெகுவாக உயர்கிறது என்று 2014-இல் தெரிந்தது. 2018-இல் அறிவிக்கப்பட்ட சீனாவின் நகல் குரங்குகள் ஜோங் ஜோங், ஹுவா ஹுவா இரண்டும் அந்த உத்தியைப் பயன்படுத்தி உருவானவை.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஆம், தொடர்பு உண்டு. மூன்றாம் நாள் வரை கரு அழகாகப் பிரிவது பெரும்பாலும் முட்டையின் சேமிப்பு நன்றாக இருப்பதைக் காட்டுகிறது. கருவின் சொந்த மரபணுக்கள் எப்படி என்பதைப் பற்றி அது அதிகம் சொல்லாது. ஐந்தாம் நாள் வரை வளர்த்து, பிளாஸ்டோசிஸ்ட் என்னும் உள்ளே குழிவுள்ள செல் பந்து நிலையை எட்டியவற்றை மட்டும் கருப்பைக்குள் வைக்கும் வழக்கம் வந்ததன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. அவை அந்தத் தேர்வைத் தாண்டியவை. கருவுற்ற மனித முட்டைகளில் ஏறக்குறைய பாதி ஐந்தாம் நாளை எட்டுவதில்லை, அதுவும் நல்ல ஆய்வகங்களில். எனவே நான்கைந்து கருக்களில் இரண்டு மூன்று நின்றுவிட்டால் அது யாருடைய தவறும் அல்ல. நிற்பதற்கான காரணங்களில் மரபணு விழிப்பு தவறியது ஒன்று. குரோமோசோம் எண்ணிக்கையில் கோளாறு அதைவிட அடிக்கடி காணப்படுவது.

இரண்டு மூன்று சிகிச்சைச் சுற்றுகளிலும் எல்லாக் கருக்களும் ஒரே கட்டத்தில் நின்றால் விஷயம் வேறு. எந்தக் கட்டம் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அது துப்பு. விந்தணுவின் டி.என்.ஏ.வில் உள்ள சேதம் பலவேளைகளில் மூன்றாம் நாள் வரை வெளியே தெரியாது, தந்தையின் மரபணுக்கள் படிக்கப்படத் தொடங்கிய பிறகுதான் தெரியும். ஆகவே மூன்றாம் நாளுக்குப் பின் நிற்கும் கருக்கள் என்றால் விந்தணு டி.என்.ஏ. சிதைவுச் சோதனையையும் இருவரின் குரோமோசோம் சோதனையையும் பற்றிப் பேசுவது பொருத்தம். அதற்காக, முதல் இரண்டு நாள்களில் தந்தைக்குப் பங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டையை எழுப்பும் கால்சியம் அலைகளைத் தொடங்கிவைக்கும் புரதமும், முதல் பிரிவில் குரோமோசோம்களைப் பிரிக்கும் இழைகளை ஒழுங்குபடுத்த உதவும் சென்ட்ரியோல் என்னும் சிறு உறுப்பும் மனிதரில் விந்தணுவோடு வருபவை. எலியில் சென்ட்ரியோல் விந்தணுவோடு வருவதில்லை. இங்கும் எலி நமக்கு வழிகாட்டாது.

மாறாக, எல்லாக் கருக்களும் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாம் நாளுக்கு முன்னரே, இரண்டு அல்லது நான்கு செல்லில் நிற்கின்றன என்றால் சந்தேகம் முட்டையின் சேமிப்பின் பக்கம் திரும்பும். பி.ஏ.டி.ஐ.6 என்னும் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பழுதுள்ள பெண்களுக்கு இப்படி நேர்வதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். மேலே சொன்ன மாட்டர், பி.டி.ஜி.4 ஆகியவையும் அதே பட்டியலில் வரும். இவை அரிதானவை, மரபணு வரிசைப் பரிசோதனையில் தெரியவரும். கண்டுபிடிக்கப்பட்டால், கரைசலை மாற்றுவதாலோ மருந்தின் அளவைக் கூட்டுவதாலோ அடுத்த சுற்று மாறப்போவதில்லை என்பதை மருத்துவர் சொல்லிவிட முடியும். இன்றைய நிலையில் அவர்களுக்குக் கைகொடுப்பது தானமாகப் பெறும் சினைமுட்டைதான்.